நொய்யி பாலத்து ஓவியம்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூபேர் ரொபேர் வரைந்த நொய்யி பாலத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, பாலம் இடிந்து விழுகிறது என்றே நினைத்தேன். வளைவுகளுக்கு அடியில் மரங்கள் சரிகின்றன, செய்ன் நதித் தண்ணீர் நுரைத்து எழும்புகிறது, கரையெல்லாம் கூட்டம். வரைந்தவருக்கு 'இடிபாடுகளின் ரொபேர்' என்றே பட்டப்பெயர் உண்டு. அதனால் இப்படித் தவறாக எண்ணுவது சுலபம்.

விழுவது பாலமில்லை, அதைத் தாங்கியிருந்த மரச்சாரம். நம் கொத்தனார்கள் 'சென்ட்ரிங் பிரிக்கிறது' என்பார்களே, அதேதான். படத்தின் பிரெஞ்சுத் தலைப்புக்கும் அதுவே பொருள். பாரிஸுக்கு மேற்கே, 1772 செப்டம்பர் 22 அன்று, மன்னர் 15ஆம் லூயியின் முன்னிலையில் அது நடந்தது.

இதைத் திறப்பு விழா என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. 1768இல் தொடங்கிய வேலை 1774 வரை நீண்டது. அன்று பார்க்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: சாரம் போன பிறகு கல் தானாக நிற்குமா?

மன்னரைத் தேடிக் கண்ணை அலையவிட்டு, தூண்களைப் பார்க்காமல் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பாலத்தைக் கட்டிய ழான் ரொடோல்ஃப் பெரோனே, ஐந்து வளைவுகளையும் தலா 39 மீட்டர் அகலத்துக்கு விரித்தார். பழைய கணக்குப்படி தூணின் கனம் வளைவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது ஏறக்குறைய 8 மீட்டர் இருந்திருக்க வேண்டும். அவர் வைத்தது 4 மீட்டர் சொச்சம். கனத்த தூண் தன்மேல் சாயும் வளைவைத் தனியாகவே தாங்கிவிடும். மெல்லிய தூணுக்கு அந்த வலு இல்லை. இந்தப் பக்கத்து வளைவு தள்ளும்போது அந்தப் பக்கத்து வளைவும் எதிர்த்துத் தள்ளினால்தான் அது அசையாமல் நிற்கும். ஒரு வளைவின் சாரத்தை மட்டும் முன்னால் பிரித்துவிட்டால் தூண் சாய்ந்துவிடும். அதனால்தான் ஐந்து வளைவுகளையும் சேர்த்தே எழுப்ப வேண்டியிருந்தது, சாரத்தையும் சேர்த்தே பிரிக்க வேண்டியிருந்தது. ஓவியர் பிடித்திருப்பது அந்த நேரத்தைத்தான்.

வளைவுகளின் விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டிருப்பதை ஓவியரின் கைப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளம் வரும்போது தண்ணீர் முட்டாமல் வழுக்கிப் போக அப்படிச் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் 'பசுக்கொம்பு' என்பார்கள்.

கிளோத் ஜோசப் வெர்னே 1774இல் சாலை போடும் காட்சியை வரைந்தார். அதிலும் கட்டி முடியாத பாலம் ஒன்று இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். அது லூவ்ரில் இருக்கிறது. ரொபேரின் படத்தைப் பார்க்க பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அந்தக் கல்பாலத்தையே பார்த்துவிடலாம் என்று நொய்யிக்குப் போகாதீர்கள். 20ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே இருப்பது இரும்புப் பாலம்.