இடது பக்கம் காலியாக இருக்கட்டும்: நாட்குறிப்பு தொடங்குவோருக்கு

நாட்குறிப்பு எழுதினால் நம்மைப் பற்றி நமக்கே தெரியவரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போதுதான் அது நடக்கிறது என்பது என் அனுபவம். அதனால் பிறகு படிக்கத் தோதாக எழுதுவது எப்படி என்று சொல்கிறேன்.

1. நோட்டும் பேனாவும்

புத்தாண்டுக்குக் கடைகளில் கொடுக்கும் தேதி போட்ட டைரி வேண்டாம். நாலு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தே கை பின்வாங்கும். மூன்று பக்கம் எழுத வேண்டிய நாளுக்கும் ஒரே பக்கம்தான் கிடைக்கும். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். ஸ்பைரல் வாங்காதீர்கள், இடது பக்கம் எழுதும்போது கம்பி கையில் இடிக்கும். பால்பாயிண்ட் பேனாதான் என் தேர்வு. மெல்லிய தாளில் ஜெல் பேனா மறுபக்கம் தெரியும். இங்க் பேனாதான் வேண்டும் என்பவர்கள் 80 ஜிஎஸ்எம்முக்குக் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) குறையாத தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

2. வலது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்

எழுதத் தொடங்கும் முன் பக்க எண், தேதி, நேரம், இடம் போடுங்கள். அவ்வளவுதான். இடது பக்கம் காலியாக இருக்கட்டும், அதற்கு ஐந்தாவது படியில் வேலை இருக்கிறது.

3. என்ன எழுதுவது?

நான் அதிக நாள் தடுமாறி நின்ற இடம் இதுதான். "காலையில் எழுந்தேன், ஆபீஸ் போனேன், களைப்பு" என்று வரும். இல்லாவிட்டால் "இன்று மனசு சரியில்லை" என்று வரும். ஒரு மாதம் கழித்து இரண்டையும் படித்தால் எதுவும் நினைவுக்கு வராது.

வழி இதுதான்: நாள் முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். "மனசு சரியில்லை" என்பதற்குப் பதிலாக: "மதியம் சித்தி போனில், 'நீ எங்கே வரப்போறே, தெரிஞ்சதுதானே' என்றாள். சிரித்துவிட்டு வைத்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்." இதில் வருத்தம் என்ற சொல்லே இல்லை. ஆனால் எப்போது படித்தாலும் அந்த மதியம் திரும்ப வந்துவிடும். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இன்று நடந்ததில் இதுமட்டும் ஏன் மனசில் நின்றது? பதில் தெரியாவிட்டால் கேள்வியை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் முகவருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எந்தக் கப்பல் வந்தது, யார் வந்து என்ன பேசினார், தான் என்ன பதில் சொன்னார் என்று பேச்சைப் பேச்சாகவே எழுதிவைத்தார். தமிழில் நாட்குறிப்பு எழுத நினைப்பவர்கள் அதில் சில பக்கங்களாவது படித்துப் பாருங்கள்.

4. கனமான விஷயங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தங்களை மிகவும் பாதித்த அனுபவங்களைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதி முடித்தவுடன் அவர்களின் மனநிலை இறங்கித்தான் இருந்தது. நிகழ்வோடு அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆகவே எழுதிய கையோடு பாரமாக இருந்தால் பயப்படாதீர்கள். ஆனால் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், நம்பும் ஒருவரிடம் பேசுங்கள்.

5. மாதக் கடைசியில் இடது பக்கம்

கலர் பென்சிலோடு உட்காருங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆட்கள், இடங்கள், சொற்கள் எல்லாவற்றையும் அடிக்கோடிடுங்கள். இப்போது தோன்றுவதை இடது பக்கத்தில் எழுதுங்கள். நான் அடிக்கோடிட்டபோது பாதிக்கு மேல் சத்தங்களாக இருந்தன: மாடி வீட்டுத் தையல் மிஷின், குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி. கண்ணைவிடக் காதால்தான் நான் அதிகம் கவனிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் சத்தத்தில் தொடங்கிச் சின்னச் சின்னக் கதைகள் எழுத ஆரம்பித்தேன், இன்றும் எழுதுகிறேன். உங்களுக்கு அது நிறமாக இருக்கலாம், சாப்பாடாக இருக்கலாம். அடிக்கோடிட்ட ஒரு வரியை எடுத்துப் பத்து வரியாக வளர்த்துப் பாருங்கள், அல்லது வரைந்து பாருங்கள்.

பிறகு சேர்த்தது

வீட்டில் யாராவது படித்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூட்டமான வீட்டில் இது நியாயமான பயம். பயந்துகொண்டே எழுதினால் பொய்தான் வரும். ஆட்களுக்கு உங்களுக்கு மட்டும் புரியும் அடையாளம் வையுங்கள். மிகவும் அந்தரங்கமானதைத் தனித்தாளில் எழுதிக் கிழித்துவிடுங்கள், எழுதியதன் பலன் தாளோடு போய்விடாது. போனில் எழுதுவதானால் செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள்.

விட்டுப்போன நாட்களுக்கு என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். நினைவிலிருந்து இட்டுநிரப்பாமல் இன்றைய தேதியைப் போட்டு, இன்று காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்.