ஊட்டி, குன்னூர் பக்கம் முதல் முறையாக ஜிம்மில் சேரப் போகிறவர்களுக்கு

நீலகிரியில் ஜிம்முக்குப் போகத் தயங்குகிற பலருக்குப் பெரிய பயம், "உள்ளே தெரிஞ்சவங்க யாரு இருப்பாங்களோ" என்பதுதான். குன்னூர், கோத்தகிரி மாதிரி ஊர்களில் அது நியாயமான பயமும்கூட. பக்கத்து டிரெட்மில்லில் பள்ளிக்கூட சீனியர் ஓடிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் மெடிக்கல் ஷாப் அண்ணன். அவர்களைத் தவிர்க்க முடியாது. அவர்கள் கண்ணுக்கு நீங்கள் பழகிப்போகும் வரை விடாமல் போவதுதான் வழி. முதல் மாதத்துக்கு அந்த ஒரு வேலை போதும், மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும்.

படி 1: சேரும் முன் சும்மா போய்ப் பாருங்கள்

நீங்கள் தினமும் போக நினைக்கும் அதே நேரத்தில் போங்கள். மத்தியானம் காலியாகக் கிடக்கும் ஜிம், சாயங்காலம் 7 மணிக்கு வேறு இடமாக இருக்கும். "மாஸ்டர், ஒரு பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்" என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மாஸ்டர் உண்மையிலேயே இருக்கிறாரா, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிறாரா, இல்லை போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று கவனியுங்கள். மெஷின் பளபளப்பைவிட எனக்கு இதுதான் முக்கியம். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, உடை மாற்ற இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மலையை மறக்காதீர்கள். விடியும் முன்பே கிளம்பி, தேயிலைத் தோட்டத்துக் குறுக்கு வழியில் தனியாக நடப்பது வேண்டாம். காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது. சாயங்காலம் என்றால் உங்கள் ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, கடைசி பஸ் எப்போது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காலை 10 மணிக்கு மேல் நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கூட்டம் இருக்காது, வெயிலும் கொஞ்சம் வந்திருக்கும்.

படி 2: ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்

"வருஷத்துக்குக் கட்டினா பாதி ரேட்டுதான்" என்பார்கள். சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அட்மிஷன் கட்டணம் தனியா, ரசீது தருவார்களா, மழைக்காலத்தில் சில நாள் வர முடியாமல் போனால் நீட்டித்துத் தருவார்களா என்று கேளுங்கள். ஜூன், ஜூலையில் கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மரம் விழுந்து ரோடு அடைபடுவது நமக்குப் புதிதில்லையே.

புரோட்டீன் பவுடரை இப்போது வாங்கவே வேண்டாம். முட்டை, அவரை, சுண்டல், பருப்பு போதும். ஜிம் முடித்ததும் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் சாப்பிடலாமா என்றால், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதையே காலைச் சாப்பாடு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

படி 3: பையில் என்ன வைப்பது

உள்ளே போட மட்டும் தனி ஷூ. தெருச் சேற்றோடு ஜிம் தரையில் நடந்தால்தான் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு டவல், ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மாற்று டி-சர்ட் கட்டாயம். வியர்த்த துணியோடு மூடுபனிக்குள் வந்தால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். மழை மாதங்களில் துவைத்தது காய நாளாகும் என்பதால் மூன்று செட் இருந்தால் நிம்மதி.

படி 4: முதல் நாள்

போனதும் மாஸ்டரிடம் "நான் புதுசு, இதுக்கு முன்னாடி செஞ்சதில்லை" என்று சொல்லிவிடுங்கள். பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு, பழைய முதுகு வலி இருந்தால் சேரும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டு, அதையும் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

முதலில் வார்ம்-அப். சமவெளியில் 5 நிமிடம் போதுமென்றால் இங்கே 10 நிமிடமாவது வேண்டும், டிசம்பர், ஜனவரியில் இன்னும் கொஞ்சம் கூட. டிரெட்மில்லில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தாலே போதும். உடம்பு சூடாகும் வரை ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். வேலைக்கோ படிப்புக்கோ கீழேயிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில வாரம் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதைப் பார்த்து நமக்கு ஸ்டாமினா இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நம்மூர்க்காரர்கள் கதை தலைகீழ். மேடும் படிக்கட்டும் ஏறி ஏறிக் காலும் மூச்சும் ஓரளவு பழகியிருக்கும். தோளும் முதுகும்தான் பின்தங்கியிருக்கும். அதனால் கால் மெஷினில் ஜோராகப் பிளேட் (எடை வட்டு) ஏற்றிய கையோடு, மேல் உடம்புக்கும் அதே ஜோரில் போகாதீர்கள்.

முதல் நாளுக்கு ஐந்து பயிற்சி போதும்: எடை இல்லாமல் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், நெஞ்சுக்கு நேராக முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ் மெஷின், மேலிருந்து கம்பியை இழுக்கும் லாட் புல்டவுன், உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ, கடைசியில் முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க் 20 விநாடி. பிளாங்க் தவிர மற்றவற்றை 10 அல்லது 12 தடவை செய்தால் ஒரு செட். ஒவ்வொன்றிலும் இரண்டு செட், நடுவே ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. எவ்வளவு எடை வைப்பது? செட் முடியும்போது "இன்னும் ரெண்டு மூணு தடவை செய்ய முடியும்" என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான எடை. தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள், திரும்பி வரும்போது உள்ளே இழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பிரஷர் எகிறும்.

நீங்கள் போகும் மெஷினில் யாராவது இருந்தால், "அண்ணா, நடுவுல ஒரு செட் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். முடித்ததும் பிளேட்டை எடுத்த இடத்தில் வைத்து, பெஞ்சை டவலால் துடைத்துவிடுங்கள். வெயிட் தூக்கத் தெரியாதவனை யாரும் குறை சொல்வதில்லை, டம்பெல்லைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகிறவனைத்தான் திட்டுவார்கள்.

மொத்தம் 45 நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். இன்னும் செய்யலாம் போலத் தோன்றும். தோன்றட்டும்.

படி 5: மறுநாள் வலி

வலி அன்றைக்கே வராது. 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, மூன்றாம் நாள் வரை இருக்கும். மேடு ஏறும்போது சமாளித்துவிடலாம், இறங்கும்போதுதான் தொடை கெஞ்சும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, வலியைக் கிளப்புவதே அந்த மாதிரி வேலைதான். அதனால் முதல் தடவை காலுக்குப் பயிற்சி செய்த அடுத்த நாளில் தோட்டத்துச் சரிவு வேலையோ நீண்ட இறக்கமோ வைத்துக்கொள்ளாதீர்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம், மெதுவாக நடந்தால் பிடிப்பு விடும்.

மூட்டில் சுருக்கென்ற வலி, நெஞ்சு வலி, சிறுநீர் அடர் பழுப்பு நிறமாகப் போவது, இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

படி 6: அடுத்த வாரங்கள்

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பஜாருக்கும் வீட்டுக்கும் தினமும் மேடு ஏறி இறங்குகிறவர்களுக்கு முதல் பாதி பெரும்பாலும் நடந்துவிடும். செய்த எடையை ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். 12 தடவை சுலபமாக வந்தால் அடுத்த முறை ஒரே ஒரு படி மட்டும் ஏற்றுங்கள்.

நாலு வாரம் தாண்டியதும் ராடு வைத்து ஸ்குவாட் கற்றுத் தரச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள். போட்டிகளில் பயன்படுத்தும் நீள ராடு வெறுமனே 20 கிலோ, சின்ன ஜிம்களில் அதைவிட லேசானதும் இருக்கும். பிளேட் மாட்டும் முன் ராடு எத்தனை கிலோ என்று கேட்டு, அதையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.