வேலையா சொந்தத் தொழிலா: முதல்ல உங்களுக்கே ஒரு சம்பளம் போட்டுப் பாருங்க

ராஜினாமா மெயிலை டைப் பண்ணி டிராஃப்ட்ல போட்டுட்டு, அனுப்பலாமா வேணாமான்னு முழிச்சிட்டு இருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான். அடுத்தவன்கிட்ட எத்தனை நாள் கைகட்டி நிப்பன்னு ஒரு கூட்டம் உசுப்பேத்தும், மாசம் பொறந்தா சம்பளம் வருது பேசாம இருன்னு இன்னொரு கூட்டம் அடக்கும், ரெண்டு பேருமே கணக்கு போட்டுப் பாத்து சொல்றதில்ல. நான் ரெண்டுலயும் இருந்தவன். ஆபீஸ் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் பண்றதை சொந்தமா நாலு வருஷம் நடத்துனேன், அதுக்கு முன்னாடியும் சம்பளக்காரன், இப்பவும் சம்பளக்காரன்.

ஒரு பேப்பர் எடுங்க. உங்க வருஷ சம்பளம் 100னு வச்சுக்கலாம். கைக்கு வர்றதை மட்டும் எழுதாதீங்க, கம்பெனி உங்க பேர்ல கட்டுற ஓய்வுக்காலப் பணம், இன்சூரன்ஸ், சம்பளத்தோட குடுக்குற லீவு எல்லாத்தையும் சேருங்க, 125 வருதுன்னு வச்சுக்குவோம். இப்ப தொழில் பக்கம் வாங்க. வருஷக் கடைசில எல்லா செலவும் போக 130 நிக்குது, சூப்பர், 5 அதிகம்னு தோணும். இருங்க. அந்த தொழில்ல உங்க சேமிப்பு 200ஐ முதலா போட்டிருக்கீங்க, அதை சும்மா டெபாசிட்ல போட்டிருந்தா 6 சதவீதம் கணக்குல 12 வந்திருக்கும். ஆக உங்க கூலி 125, முதலுக்கு 12, மொத்தம் 137 வரணும், வந்தது 130, கணக்குப்படி 7 நஷ்டம். அதுலயும் வேலைல வாரம் 45 மணி நேரம், தொழில்ல 65 மணி நேரம்னா அந்த நஷ்டம் எவ்ளோ பெருசுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

இந்தக் கணக்கை நான் மூணாவது வருஷம்தான் போட்டேன். அதுவரைக்கும் நல்லா ஓடுதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன், ஏன்னா வருஷ கான்ட்ராக்ட் பணம் முன்னாடியே வந்துடும், அக்கவுண்ட்ல எப்பவும் பணம் நிக்கும், அதைப் பாத்து லாபம்னு நெனச்சு வீட்டுக்கு எடுத்து செலவு பண்ணிட்டு இருந்தேன், ஆனா அது இன்னும் செய்யாத 11 மாச வேலைக்கு வாங்குன காசு, ஸ்பேர் வாங்க, வண்டி ஓட்டத்துக்கு, வேலைக்கு வச்சிருந்த பையன் சம்பளத்துக்கு எல்லாம் அதுலதான் எடுக்கணும். எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுப் பாத்தா ஒரு மணி நேரத்துக்கு நான் சம்பாதிச்சது, அந்தப் பையன் வாங்குனதை விடக் கம்மி. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன், இல்ல போல. அமெரிக்காவுல பார்ட்டன் ஹாமில்டன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 2000ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு. சொந்தத் தொழில்ல 10 வருஷம் இருந்தவங்களை வரிசையா நிக்க வச்சு நடுவுல நிக்கிற ஆளைப் பாத்தா, அவரு அதே 10 வருஷம் வேலைக்குப் போயிருந்தா வாங்கியிருக்கக்கூடியதை விட 35 சதவீதம் கம்மியாத்தான் சம்பாதிச்சிருக்காரு. அப்புறமும் ஏன் அதுலயே இருக்காங்கன்னா, யார்கிட்டயும் கேக்காம முடிவெடுக்குற சுகத்துக்கு அவங்க ஒரு விலை குடுக்குறாங்க. அது தப்பில்ல. ஆனா அந்த சுகத்துக்கு எவ்ளோ குடுக்கலாம்னு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், 7 ஓகேவா, 30 ஓகேவான்னு அந்தப் பேப்பர்லயே எழுதுங்க.

அடுத்தது கையில புரள்ற பணம். லாபம் வர்ற தொழிலே காசு இல்லாம மூச்சு முட்டி நிக்கும், இது சம்பளக்காரங்களுக்கு சுலபமா புரியாது. மாசம் 10க்கு வேலை முடிச்சு பில் போடுறீங்க, அதுக்கு செலவு 8, அதை அப்பப்பவே குடுத்தாகணும். கஸ்டமர் 90 நாள் கழிச்சுத்தான் தருவாரு. முதல் பில்லுக்கு காசு வர்றதுக்குள்ள குறைஞ்சது 24 உங்க கைய விட்டுப் போயிருக்கும், ஆர்டர் டபுளாச்சுன்னா 48. அதனாலதான் பெரிய ஆர்டர் கிடைச்சு ஸ்வீட் குடுத்தவங்களே ஆறு மாசத்துல வட்டிக்கு வாங்க அலையுறாங்க. அதனால தொழிலுக்குப் போடுற முதல் வேற, வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷத்துக்கு எடுத்து வைக்குற பணம் வேற, ரெண்டையும் ஒரே அக்கவுண்ட்ல வச்சா கண்டிப்பா கலந்துடும், நான் கலந்தேன்.

வேலை மட்டும் என்ன நிரந்தரமான்னு கேப்பீங்க. இல்லதான், சம்பளங்கிறது ஒரே கஸ்டமரை நம்பி இருக்குற வருமானம், அவரு வேணாம்னா அன்னைக்கே பூஜ்ஜியம். ஆனா தொழில்லயும் வரவுல பாதிக்கு மேல ஒரே பார்ட்டிகிட்ட இருந்து வருதுன்னா அவருதான் உங்க முதலாளி, லீவும் தராத முதலாளி.

கடன் விஷயத்துல ஒண்ணு மட்டும். லிமிடெட் கம்பெனியா பதிஞ்சுட்டா வீட்டுக்கு ஆபத்து வராதுன்னு சொல்வாங்க, சட்டப்படி சரிதான், ஆனா சின்னக் கம்பெனிக்கு லோன் குடுக்குற பேங்க் பெரும்பாலும் ஓனரோட சொந்த ஜாமீன் கையெழுத்தும் கேக்கும். அதைப் போட்டுட்டா அந்தக் கடனைப் பொறுத்தவரைக்கும் பாதுகாப்பு போச்சு. வீட்ல இருக்குறவங்களுக்குத் தெரியாம அந்தக் கையெழுத்தைப் போடாதீங்க.

அப்புறம் நீங்க எந்த வேலையைச் செய்யப்போறீங்கன்னு யோசிங்க. மெஷினைப் பிரிச்சு மாட்டுறது எனக்கு உயிரு, அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன், கடைசில பாதி நாள், கான்ட்ராக்ட்ல சேராத வேலைக்கு போன்ல பாக்கி கேக்குறதுலயே போச்சு. பாக்கி கேக்க வாய் வராதவங்க ஒண்ணு கேக்கத் தெரிஞ்ச பார்ட்னரைப் பிடிங்க, இல்ல முன்பணம் வாங்குற தொழிலாப் பாருங்க.

வயசாயிடுச்சேன்னு கவலைப்படுறவங்களுக்கு ஒரு சின்ன தகவல், அதே அமெரிக்காவுல ரொம்ப வேகமா வளர்ந்த கம்பெனிகளை ஆரம்பிச்சவங்களோட சராசரி வயசு 45னு 2020ல வந்த ஒரு ஆராய்ச்சி சொல்லுது.

முடிஞ்சா வேலையை விடாமலே ஆரம்பிங்க. பயந்தாங்கொள்ளித்தனம்னு சொல்வாங்க, சொல்லட்டும். வேலைல இருந்துக்கிட்டே ஆரம்பிச்சு அப்புறம் முழுசா இறங்குனவங்களோட தொழில் மூடுற வாய்ப்பு, எடுத்த எடுப்புலயே வேலையை விட்டவங்களை விட மூணுல ஒரு பங்கு கம்மின்னு 2014ல வந்த ஒரு ஆராய்ச்சில பாத்தேன். ஆனா முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை ஒரு தடவை முழுசா படிங்க, வெளி வேலை பாக்கக்கூடாது, நீங்க உருவாக்குறது கம்பெனிக்கு சொந்தம்னெல்லாம் அதுல இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவே தொடாதீங்க.

ஆரம்பிக்குற அன்னைக்கே ரெண்டு விஷயம் எழுதி வீட்ல ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க, இவ்ளோ பணம் போனா நிறுத்திடுவேன், இந்தத் தேதிக்குள்ள இவ்ளோ வரலைன்னா நிறுத்திடுவேன். உள்ள இறங்குனதுக்கு அப்புறம் அந்தக் கோடு நகந்துக்கிட்டே இருக்கும், என்னுது எட்டு மாசம் நகந்துச்சு.

நிறுத்துனப்போ கான்ட்ராக்ட் எல்லாத்தையும் அந்தப் பையன்கிட்டயே குடுத்துட்டேன். அவன் ஆபீஸ் வாடகையைத் தூக்கிட்டு வீட்லயே ஸ்பேர் வச்சு நடத்துறான், என்னை மாதிரி முதல் போடணும்னு அவசியமும் அவனுக்கு இல்ல, டூல்ஸ் எல்லாம் நானே விட்டுட்டு வந்தேன். அவனுக்கு வெளில கிடைக்குற சம்பளம் எனக்குக் கிடைக்குறதுல பாதிதான், அதனால எனக்கு நஷ்டம்னு காட்டுன அதே பேப்பர் அவனுக்கு லாபம்னு காட்டுது. போன மாசம் ரெண்டாவது ஆளை வேலைக்கு எடுத்திருக்கான்.