வியாழன் வரை உலராத கோழி நெஞ்சுக்கறி

ஞாயிறன்று இரண்டு கிலோ எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை மொத்தமாகச் சட்டியில் வாட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், செவ்வாய்க்குள் அது நார்நாராக உலர்ந்து, சூடாக்கும்போது பழங்கறி வாடையும் வீசியது. தயிரில் ஊறவைத்தேன், தீயைக் குறைத்தேன், எண்ணெயைக் கூட்டினேன். மூன்று வாரங்கள் வீணாயின.

ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதால், தடித்த பக்கம் வேகும்வரை காத்திருந்ததில் மெலிந்த பக்கம் உலர்ந்துவிட்டதை, சமையல் வெப்பமானியைச் செருகிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். இப்போது தடித்த முனையைத் தட்டிச் சமமாக்கி, லிட்டருக்கு 60 கிராம் உப்புக் கரைத்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியதும் இறக்கிவிடுகிறேன்.

பலரும் கவனிக்கத் தவறுவது அதற்குப் பிந்தைய வேலையை. சூட்டோடு துண்டுபோட்டால் சாறு பலகையில் வழிந்துவிடும். வெட்டிய பரப்பெல்லாம் காற்றுப்பட்டு அந்த வாடையும் கூடும். ஆகவே முழுத்துண்டுகளாகவே ஆறவிட்டு, சட்டியில் தங்கிய சாற்றையும் மேலே ஊற்றி, ஆழமில்லாத டப்பாக்களில் மூடி, சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் குளிரில் வைக்கிறேன். மூன்று நாளுக்கானது மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில், மீதி மேலே உறைபெட்டியில். புதன் இரவு ஒரு டப்பாவைக் கீழே இறக்கினேன். வியாழன் மதியம் வெட்டியபோது கத்தியில் ஈரம் இருந்தது.