விண்டோஸ் சர்வரில் ஜாங்கோ தளத்தை ஓடவைப்பது எப்படி?

பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவுக்கான பாடங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் சர்வரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. உங்கள் அலுவலகத்தில் இருப்பதோ விண்டோஸ் சர்வர். பாடத்தில் சொன்னபடி, தளத்தை ஓட்டும் ஜியூனிகார்ன் என்ற மென்பொருளை நிறுவி இயக்கினால், 'எஃப்சிஎன்டிஎல்' என்ற மாட்யூல் இல்லை என்று பிழை வருகிறது. தவறு உங்களுடையது அல்ல. அந்த மாட்யூல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கு மட்டுமே உரியது. ஜியூனிகார்ன் நம்பியிருக்கும் ஃபோர்க் வசதியும் (ஓடும் நிரல் தன்னையே நகலெடுப்பது) விண்டோஸில் கிடையாது. பத்து முறை நிறுவினாலும் ஓடாது; முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பதில் வெயிட்ரஸ் இருக்கிறது. முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது, விண்டோஸிலும் நன்றாக ஓடும்.

படி 1: பைத்தான் மெய்நிகர் சூழலை, அதாவது இந்தத் தளத்துக்கான தனி பைத்தான் ஃபோல்டரை, உருவாக்குங்கள். அதை இயக்கும் கோப்பு லினக்ஸில் 'பின்' ஃபோல்டரில் இருக்கும். இங்கே 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரில். பிறகு பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் ஜாங்கோ, வெயிட்ரஸ், ஒயிட்நாய்ஸ் மூன்றையும் நிறுவுங்கள்.

படி 2: செட்டிங்ஸ் கோப்பில், பிழை விவரங்களைத் திரையில் காட்டும் டீபக்கை அணைத்து, 'அலவ்ட் ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் தளத்தின் முகவரியைச் சேருங்கள். மறந்தால் 400 பிழைதான் வரும். டீபக் அணைந்தவுடன் நிறமும் வடிவமும் போய்ப் பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும். பதற வேண்டாம். சிஎஸ்எஸ் கோப்புகளை வழங்குவது இனி ஒயிட்நாய்ஸின் வேலை. ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து போகும் நிரல்களின் பட்டியலான மிடில்வேர் பட்டியலில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்த வரியிலேயே அதைச் சேருங்கள். 'ஸ்டாட்டிக் ரூட்' ஃபோல்டரைக் குறிப்பிட்டு, அந்தக் கோப்புகளை அதில் திரட்டும் கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள்.

படி 3: மேனேஜ் கோப்பு உள்ள ஃபோல்டரில் நின்று 'வெயிட்ரஸ்-சர்வ்' கட்டளையைக் கொடுங்கள். அதன்பின் இடைவெளி விட்டு, புராஜெக்டின் பெயர், புள்ளி, 'விஸ்கி' (wsgi) கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, 'அப்ளிகேஷன்' என்று ஒட்டி எழுத வேண்டும். போர்ட் எண் தராவிட்டால் 8080-இல் திறக்கும். மற்ற கணினிகளிலிருந்து பார்க்க, விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த போர்ட்டை அனுமதியுங்கள்.

படி 4: சர்வர் மறுபடி தொடங்கினாலும் தளம் தானாக எழ, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் படி 3-இன் கட்டளையை ஓட்டும் ஒரு பணி அமையுங்கள். சர்வர் தொடங்கும்போதே, யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி தேர்வுசெய்யுங்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் மேனேஜ் கோப்பின் ஃபோல்டர் வர வேண்டும்.

கடைசியாக, அதே பணியின் செட்டிங்ஸ் பகுதிக்குப் போங்கள். 3 நாள்களுக்கு மேல் ஓடினால் பணியை நிறுத்து என்ற பெட்டி முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. திங்களன்று ஏற்றிய தளம் வியாழனன்று நின்றுவிட்டது, லாகில் ஒரு பிழைகூட இல்லை. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.