வால்வு அம்பிளிபயர் கிடைத்ததா? பிளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

வன்னியில் வால்வு அம்பிளிபயர், அதாவது ரான்சிஸ்ரருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் பழைய பெட்டி, தேடுவது கொஞ்சம் பைத்தியக்கார வேலைதான். போர்க்கால இடப்பெயர்வில் அந்தப் பாரத்தை யார் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? மிஞ்சியதையும் பழைய இரும்போடு போட்டு, செம்புக்காக ரான்ஸ்போமரை உடைத்தாயிற்று. அதனால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வீட்டுப் பரணில் ஒன்று அகப்பட்டால், வருகிற சந்தோஷத்தில் நேரே பிளக்கில் செருகத்தான் கை போகும். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு நிமிஷம் பாடியது, அப்புறம் மெழுகு உருகும் மணம், புகை. றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்ரா தம்பி அந்தரப்பட்டனி?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல்லி முட்டை, எலி கடித்த வயர், மண்குளவிக் கூடு எல்லாம் இருக்கும், தூரிகையால் துடைக்கலாம். வால்வின் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று மினுங்கவேண்டும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. பெயரையும் வாசியுங்கள். இசிசி83 (ECC83), இஎல்84 (EL84) என்று இருந்தால் நல்லது. யுசிஎல்82 (UCL82), யுவை85 (UY85) என்று 'யு'வில் தொடங்கினால் பெரும்பாலும் வீட்டுக் கரண்டைப் பிரித்து வைக்கும் மெயின் ரான்ஸ்போமரே இராது, உலோகச் சட்டகத்திலேயே கரண்ட் நிற்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

உள்ளே 300, 400 வோல்ற் ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிற்றர்களில் அது தங்கி நிற்கும். 10 கிலோ ஓம், 5 வற் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் உறை போட்ட கிளிப் வயர் பொருத்தி, கப்பாசிற்றருக்குக் குறுக்கே பத்து செக்கன் பிடியுங்கள். பிறகு மீற்றரால் அளந்து பார்த்துத்தான் கை வைக்கவேண்டும், மற்றக் கை பொக்கற்றுக்குள்.

என் அம்பிளிபயரைக் கொன்றது மெழுகு பூசிய ஒரு சின்னக் கடதாசிக் கப்பாசிற்றர். பாட்டை முதலில் பெருக்கும் இசிசி83க்கும் ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84க்கும் நடுவில் இருந்து, பாட்டை மட்டும் விட்டு நேர் (டிசி) வோல்ற்றேஜை மறிப்பது அதன் வேலை. வயது போனால் அந்த வோல்ற்றேஜ் அதனூடே ஒழுகும். ஒழுகினால் இஎல்84 அளவுக்கு மிஞ்சிக் கரண்டை இழுத்து, உள்ளே உள்ள தகடு சிவந்து, கடைசியில் ரான்ஸ்போமரையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் பாடினாலும் பாடாவிட்டாலும் கடதாசிக் கப்பாசிற்றர்களை அதே மைக்ரோபரட் அளவில் 630 வோல்ற் பொலியெஸ்ரருக்கு மாற்றிவிடுங்கள். மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கப்பாசிற்றர்களுக்கும் புதிது போடுங்கள்.

இனித்தான் கரண்ட். லைன் வயரின் நடுவே 60 வற் பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் பொருத்துங்கள், எல்ஈடி உதவாது. பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் நின்றால் எங்கோ ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். வோல்ற்றேஜ் தெரிவு சுவிற்ச் இருந்தால் 110இல் கிடக்கிறதா என்று முதலே பார்த்துவிடுங்கள், நம்முடையது 230. ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் பாட்டுப் போடக்கூடாது, அவுட்புட் ரான்ஸ்போமர் போய்விடும்.

ஒற்றை இஎல்84 தருவது 5 வற் அளவுதான். கலியாண வீட்டுக்குக் காணாது, கூடத்துக்குப் போதும். ஆனால் அது பிழை விடுகிற விதமே தனி. ஒரு ச போட்டால் மேல் ஸ்தாயி சவையும் மெல்லிசாகச் சேர்த்துத் தரும், சத்தத்தைக் கூட்டினால் ரான்சிஸ்ரர் மாதிரி பட்டென்று வெட்டாமல் மெதுவாக நசியும். நாகஸ்வர இசைத்தட்டு ஒன்று போட்டுக் கேட்டால் தெரியும். கொஞ்சம் இரைச்சல் இருக்கும், சூடும் இருக்கும், அதெல்லாம் இல்லாமல் வேண்டுமென்றால் புதுசு வாங்குங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி ரான்ஸ்போமரில் உள்ளங்கையை வையுங்கள். எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் நாளைக்கும் பாட்டுக் கேட்கலாம்.