கோடை விடுமுறையில் வீடும் தோட்டமும் கோயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. ஈஸ்டர் முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), அப்புறம் பிரதிஷ்டைப் பண்டிகை (கோயிலை அர்ப்பணித்த நாளின் விழா), அசனம் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து), வரிசையாகக் கல்யாணங்கள். சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். இத்தனைக்கும் நடுவில், மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயிலில் செடிகளையும் காப்பாற்றியாக வேண்டும்.

தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் கோயில் தோட்டத்தை நான் பார்த்து வருகிறேன். இப்போது இளம் குடும்பங்கள் பல ஆர்வமாகத் தோட்ட வேலைக்கு வருகின்றன. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை, அதே மாதத்தில், அதே காரணம் சொல்லி அவர்களும் செய்கிறார்கள். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று தொட்டியை நிரப்பிவிட்டுப் போவது

பத்து நாள் வீட்டில் ஆள் இருக்காது என்றதும் மொட்டை மாடியில் உள்ள எல்லாத் தொட்டியிலும் வழிய வழியத் தண்ணீர் ஊற்றிவிட்டு பஸ் ஏறுகிறார்கள். அந்தத் தண்ணீர் இரண்டு நாள்கூடத் தாங்காது. அதற்குள் சூடேறிய ஈர மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகல் வேறு தொடங்கிவிடும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கி, மர நிழலிலோ வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டியோ நெருக்கமாக வையுங்கள். பெரிய தொட்டிகள் வெளிவட்டத்திலும் சின்னவை உள்ளேயும் இருக்கட்டும். மண் தெரியாதபடி தேங்காய் நாரையோ சருகையோ பரப்புங்கள். பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் செடி பிழைக்க வேண்டுமே. பக்கத்து வீட்டு அத்தையிடம் சாவியைக் கொடுக்கும்போது, "எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திருங்க அத்தை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அவர் கற்றாழைக்கும் தினமும் ஒரு செம்பு ஊற்றுவார். எதற்கு எவ்வளவு என்று கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் போங்கள்.

கத்திரி வெயிலில் உரம்

வேண்டாம். மட்காத சாணமும் ஆட்டுப் புழுக்கையும் அறவே வேண்டாம்.

மல்லிக்கு இப்போது கவாத்து

அது கார்த்திகை வேலை. பூத்துக் கொட்டுகிற செடியில் கத்தரியை வைக்காதீர்கள்.

ஜூன் மாதம் கோயில் வளாகத்தில் மரக்கன்று நடுவது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் அது. அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பல சபைகளில் சுற்றுச்சூழல் ஞாயிறாக ஆசரிக்கிறோம். நல்ல காரியம். ஆராதனை முடிந்ததும் ஐயர் (சபையின் போதகர்) ஜெபம் பண்ண, வாலிபர் சங்கத்தார் குழி வெட்ட, ஓய்வு நாள் பள்ளிப் (ஞாயிறு வேத வகுப்பு) பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றை நடுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது, வெளியூர்க்காரர்கள் ரயில் ஏறிவிடுகிறார்கள். ஆடி பிறக்கும்போது அந்தக் கன்றுகளில் முக்கால்வாசி குச்சியாக நிற்கின்றன.

ஜூனில் மழை வரும் என்ற நினைப்பில்தான் இப்படி நடுகிறோம். மழை வருவது வாஸ்தவம், ஆனால் நமக்கு அல்ல. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து வாங்கிக்கொள்கிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் நன்றாகவே பெய்யும், அங்கே ஜூனில் நடலாம். மலை தாண்டிப் பாளையங்கோட்டை, நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளை என்று கிழக்கே வர வர, நமக்கு வருவது காற்று மட்டும்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் புகுந்து வரும் வறண்ட மேல்காற்று அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அம்மியைப் பறக்கவைக்கும் என்று சொல்லும் காற்றுக்கு எதிரே, நர்சரி நிழலில் வளர்ந்த கன்றை நட்டுவைத்தால் அது என்ன செய்யும்? மேற்குப் பார்த்த இலைகள் முதலில் ஓரத்தில் காயும். பிறகு சுருளும். நாம் ஊற்றும் ஒரு குடம் தண்ணீரை வேர் உறிஞ்சுவதற்குள் இலை வழியாக அதைவிட அதிகம் போய்விடும். தேரி மண்ணாக (செம்மணலாக) இருந்தால் தண்ணீர் வேரிடம் தங்கவே தங்காது.

ஒரு சபையில் இப்படிப் பட்டுப்போன கன்றுகளைக் கார்த்திகை மாதம் நாங்கள் பிடுங்கினோம். புங்கங்கன்று ஒன்று கையோடு வந்துவிட்டது. பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். பைக்குள் வேர் சுற்றிச் சுற்றி முடைந்து கிடந்தது, ஒரு வேர்கூட வெளி மண்ணைத் தொடவில்லை. கூட்டத்திலும் அவசரத்திலும் நடுவதால் வரும் வினை இது. நட்ட பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பணம் போவது ஒரு பக்கம். கன்றைவிட இரும்புக் கூண்டுக்குப் பல மடங்கு செலவாகிறது, அத்தனையும் சபையார் போட்ட காணிக்கை. அதைவிட எனக்கு வலிப்பது கோயில்குட்டியார் படும் பாடு. கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, விளக்கு, பாய், பூட்டு, சாவி எல்லாம் அவர் வேலை. அதோடு இருபது கன்றுக்கு, ஆழ்துளைக் கிணறு வற்றிக் கிடக்கும் மாதத்தில், குடத்தில் தண்ணீர் சுமப்பதும் அவர் தலையில் விழுகிறது. கன்று பட்டுப்போனால் கமிட்டியில் கேள்வியும் அவருக்குத்தான். நட்ட யாரும் அங்கே இருப்பதில்லை.

"லீவு முடிஞ்சா பிள்ளைகள் போயிருவாங்களே அண்ணாச்சி, ஜூன்ல நடாம எப்ப நடுறது?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளைகளுக்கு ஜூனில் வேலை இருக்கிறது. ஆனால் நடும் வேலையை மழைக்கு விடுங்கள்.

மே மாதத்தில் இடம் பார்த்து, நீளம், அகலம், ஆழம் எல்லாம் இரண்டடி இருக்கும்படி குழி வெட்டிப் போடுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். குழி வெயிலில் காயட்டும். விழும் சருகையெல்லாம் அதில் தள்ளுங்கள், எரிக்காதீர்கள். சுற்றுச்சூழல் ஞாயிறு வரும் சமயத்தில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பழுத்த மஞ்சள் பழமாகப் பொறுக்கச் சொல்லுங்கள். சதையைப் பிதுக்கிக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, அந்த வாரத்துக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். வேப்பங்கொட்டை இரண்டு மூன்று வாரம் தாண்டினால் முளைக்கும் திறனை வேகமாக இழந்துவிடும். எடுத்து வைத்து அடுத்த வருடம் போடலாம் என்றால் நடக்காது. ஒவ்வொரு பையிலும் அதை ஊன்றிய பிள்ளையின் பெயரை எழுதிவையுங்கள். பைகள் ஒரே இடத்தில் நிழலில் இருப்பதால் ஒரு பூவாளித் தண்ணீர் போதும், கோயில்குட்டியாருக்கும் சுமை இல்லை.

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து குழி மண் உள்வரை நனைந்ததும் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். கன்று ஒரு சாண்தான் இருக்கிறது என்றால் பெரிய பைக்கு மாற்றி அடுத்த ஐப்பசி வரை வைத்திருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கிறிஸ்துமஸுக்கு ஊர் வரும் பிள்ளைகள் தங்கள் பெயரிட்ட கன்று தழைத்து நிற்பதைப் பார்ப்பார்கள். அதைப் பார்க்கத்தானே நட வைக்கிறோம்?

அசன அடுப்பை மரத்தடியில் மூட்டுவது

நிழலுக்காகச் செய்கிறார்கள். ஆட்டுக்கறிக் குழம்புக்கும் சோற்றுக்கும் அண்டா அண்டாவாக ராத்திரி முழுக்க விறகு எரிகிறது. அந்தச் சூட்டில் மேலே கொப்பு கருகுவது கண்ணுக்குத் தெரியும், மண்ணுக்கடியில் வேர் வெந்துபோவது தெரியாது. சில மாதம் கழித்து, அடுப்பு இருந்த பக்கம் மட்டும் பட்டை வெடித்து உரிந்து வரும். அதில் பூச்சி ஏறினால் பழைய மரம்கூடத் தாங்காது. அடுப்பைத் திறந்தவெளியில் வைத்து, சமையல்காரருக்குப் பந்தல் போட்டுக் கொடுங்கள். அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீரையும் மரத்தடியில் கவிழ்க்காதீர்கள். பந்தல் கட்டும்போது மரத்தில் ஆணி அடிக்க விடாதீர்கள், கயிறு போதும்.

வி.பி.எஸ்.ஸைப் பகல் ஒரு மணிவரை இழுப்பது

தகரக் கொட்டகைக்குள் பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் பாட்டில் கவனம் வைப்பது சாத்தியமே இல்லை. எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் வீட்டுக்கு அனுப்புங்கள். நிறைவு நாள் ஒத்திகையை சாயங்காலம் வையுங்கள். கலர் தண்ணீர் பாக்கெட்டுக்குப் பதிலாகப் பானைத் தண்ணீர் வையுங்கள். பதநீர் கிடைக்கிற ஊர் என்றால் காலையிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், நேரமானால் புளித்துவிடும்.

பெற்றோருக்கு ஒன்று. ஒரே பிள்ளையை ஒரே லீவில் மூன்று கோயில் வி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை வருகிறது என்றுதான் ஆச்சியும் தாத்தாவும் பங்குனியிலிருந்து காத்திருக்கிறார்கள்.

குருத்தோலைக்கு வீட்டுத் தென்னங்கன்றை வெட்டுவது

வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். இளந்தென்னைக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம். குருத்தோலை ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) வேண்டியதைப் பனையேறி ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, சபைக்கு மொத்தமாக வாங்குங்கள்.